தொண்ணூற்றொரு விழுக்காடு

ஜாலான் அம்பாங், முப்பத்திரண்டாவது மாடி.
கடல்தாண்டி எழும்பும் அணு உலையை
இங்கிருந்துதான் அளக்கிறேன்,
அட்டவணையும் படங்களுமாக.

மார்ச் அறிக்கை: தொண்ணூற்றொரு விழுக்காடு.
ஜூன்: தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு.
செப்டம்பரில் அந்தப் புள்ளி நான்கையும் காணோம்.
'மறுகணக்கீடு' என்று ஒரே சொல்.

கட்டிய கம்பிக்கு டன் கணக்கு உண்டு,
ஊற்றிய கான்கிரீட்டுக்கு உண்டு.
பற்றவைத்து, ஊடுகதிரில் பார்த்து, தேறாமல்
மறுபடி அறுத்தெடுத்த குழாய் மூட்டுகளை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஜபருல்லா படங்களைத் திரையில் அடுக்கினான்.
பாரந்தூக்கியின் தண்டவாளத்தில்
செம்பழுப்பு நாயொன்று படுத்திருக்கிறது.
மார்ச்சில். ஜூனில். செப்டம்பரிலும்.
"பழைய படத்தையே அனுப்பி நம்மள ஏமாத்துறானுங்க."

பெரிதாக்கிப் பார்த்தேன்.
நிழல் வேறு பக்கம் விழுகிறது.
மார்ச்சில் எண்ணக் கிடைத்த விலா எலும்புகள்
இப்போது தெரியவில்லை, வயிறு சரிந்திருக்கிறது.
படம் புதிதுதான்.
தூக்கி ஒருநாள் நகர்ந்திருந்தாலும்
அது இடம் மாறிப் படுத்திருக்கும்.

நாலு மணி மழை.
இரட்டைக் கோபுரத்துக்கு இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லை.
கோப்பி ஓ ஆறி, பிளாஸ்டிக் பை வியர்த்து
மேசையெல்லாம் ஈரம்.
எரிபொருள் ஏற்றம், வரும் மே
என்ற வரியை அடித்துவிட்டு
அடுத்த ஆண்டு நவம்பர் என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டம்
நெடுநேரம் காலியாக இருந்தது.
நாயை எழுத முடியாதே.

டிசம்பர் படம் நேற்று வந்தது.
தண்டவாளத்தோரம் நான்கு குட்டிகள்.
ஒன்றின் கழுத்தில்
மஞ்சள் எச்சரிக்கை நாடாவைக் கிழித்து
யாரோ பட்டை கட்டியிருக்கிறார்கள்.
"அப்ப ஆள் இருக்கு," என்றான் ஜபருல்லா.