நாலாவது மூலை

ஆறு நாளும்
மில்லிகிராம் கணக்கில் பற்றுப்பொடி நிறுக்கிற கை
சனிக்கிழமை மத்தியானமும் சும்மா இருக்கவில்லை.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைத் தராசில்
கூடாரத்தைப் பிரித்துப் பிரித்து வைத்தேன்:
துணி, கம்பிகள், கயிறு, முளைகள்.
"ஏன்டா, ஏற்காட்டுக்கு எடை போட்டா விக்கப் போற?"
என்றான் நல்லசிவம்.
அவன் பையில் ஐந்து லிட்டர் குக்கர் இருந்தது.

அப்சல் எடுத்து வந்தது
கொசுவத்தி, தார்ப்பாய், டார்ச் இரண்டு
(ஒன்றுக்கு பேட்டரி இல்லை),
தட்டுவடை செட் பன்னிரண்டு.
கோரிமேடு தாண்டுவதற்குள் ஆறு.

இருபது வளைவும் ஏறி
தோட்டக் காவல்காரரிடம் கெஞ்சிக் கேட்டு
மிளகுக்கொடி சுற்றிய ஓக் மரங்களுக்கு நடுவே
விரித்தபோதுதான்
முளைகளைக் காணோம்.

மழை வேறு வந்துவிட்டது.
ஆளுக்கொரு மூலையில் படுத்தோம்,
உடம்பே முளையாக.
நாலாவது மூலைக்குக் குக்கர்.
பத்தரை மணிக் காற்று
அதை உருட்டிவிட்டுப் போனது.

அதற்கப்புறம் அந்த மூலை
எழும்பும், விழும்.
மழை விட்டபின்
எழும்பும்போதெல்லாம் கீழே சேலம்,
வேலை முடிந்த பட்டறைத் தரையில்
அரப்பொடி மினுங்குகிற மாதிரி.
கூட்டி அள்ளிச் சலித்து
யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத பொடி.

"மூலையை இழுத்து மூடுடா, குளிருது."
தூங்குகிறவன் போல் கிடந்தேன்.

திங்கட்கிழமை
தராசுத் தட்டில் அப்படியே இருந்தன
எட்டு முளைகளும்.
நூற்று அறுபத்திரண்டு கிராம்.