இருபது வரை

இந்தத் தீவில் ஜன்னல் திரைகளை
யாரும் இழுத்து மூடுவதில்லை.
மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை என்று
வீதிக்குச் சொல்கிற பழக்கம்.
மெருகேற்றிய மேசை, அதன்மேல் தடித்த வேதாகமம்,
ஜோடியாக இரண்டு பூச்சாடி.
போகிறவர் வருகிறவர் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கண்ணாடிகளைத் துடைப்பவன் நான்.
பத்தொன்பது வருடமாக
ஏணி, வாளி, ரப்பர் பட்டை.
வடகடல் காற்று இரவில் உப்பை அப்பிவிட்டுப் போகும்,
காலையில் நான் வருவேன்.

ஒன்று தெரியுமா,
தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்த பிறகும்
போகாத கறை ஒன்று இருக்கும்.
அது உள்பக்கத்துக் கறை.
அதற்கு எனக்குக் கூலி கிடையாது.

மூப்பர் கொர்னேலிஸ் வீட்டுச் சுவரில்
என் ஏணி சாயும் சத்தம் கேட்டதும்
ஓர் அலமாரிக் கதவு அவசரமாக மூடும்.
உள்ளே நீல வெளிச்சம் அணையும்.
எங்கள் சபையில் தொலைக்காட்சி ஆகாது.
நான் யாரிடமும் சொன்னதில்லை.
சொல்ல எனக்கென்ன யோக்கியதை?

எங்கள் மேசையில் ஜெபம் சத்தமில்லாதது.
தலை குனிவோம், கண் மூடுவோம்.
நான் நிமிர்ந்தால் எல்லோரும் நிமிர்வார்கள்,
கரண்டி எடுப்பார்கள்.
ஒரு நவம்பரில் எனக்குள் சொல் நின்றுபோனது.
சாவு விழவில்லை, நோய் வரவில்லை.
குழாயைத் திறந்தேன், காற்று வந்தது, அவ்வளவுதான்.
அன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.
இருபது வரை எண்ணினால் மரியாதையாக இருக்கும்.
விருந்தாளி இருந்தால் முப்பது.
போதகர் சாப்பிட வந்த அன்று நாற்பத்தைந்து.

ஒரு புதன்கிழமை, பட்டாணி சூப்.
பதினொன்றில் எண் தவறிவிட்டது.
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.
மகன் கிரைனின் வயிறு உறுமியது.
கண்ணைத் திறந்தேன்.
தெருவில் நாயோடு போன திருமதி தன்னா
எங்கள் ஜன்னல் முன் நின்று
குனிந்த நான்கு தலைகளையும் பார்த்து
நல்ல குடும்பம் என்பதுபோல்
தன் தலையையும் தாழ்த்திக்கொண்டு நகர்ந்தார்.

அந்த மரியாதை என் கழுத்தைப் பிடித்தது.

"நான் ஜெபிக்கவில்லை," என்றேன் சத்தமாக.
"எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக."

"எத்தனை வரைக்கும்?" என்றாள் லூன்சே. வயது ஒன்பது.
"இருபது."
"நான் பதினைந்திலேயே முடித்துவிட்டு
உங்களுக்காகக் காத்திருப்பேன், அப்பா."

யன்னெச்சே சிரிக்கவில்லை.
அகப்பையைக் கீழே வைத்தாள்.
"நான் நிஜமாகத்தான் ஜெபித்தேன்.
உன் முகம் ஒரு வருடமாக
அடைத்த கடைபோல் இருந்தது.
தினமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்."

சூப் ஆறியது. யாரும் கரண்டி எடுக்கவில்லை.
கிரைன் மட்டும் எடுத்தான்.

பிப்ரவரியில் வீடு விசாரிக்க மூப்பர் வந்தார்,
கறுப்புக் கோட்டு, மடியில் தொப்பி.
ஆத்துமா எப்படி என்று கேட்டார்.
இருபது, முப்பது, நாற்பத்தைந்து,
எல்லாவற்றையும் சொன்னேன்.
தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். வசனம் சொல்லவில்லை.
வாசல்வரை போனவர் திரும்பி,
"அந்த அலமாரியை நீ பார்த்திருப்பாய்," என்றார்.
"பார்த்திருக்கிறேன்."
"கால்பந்து," என்றார். காது சிவந்தது.
பிறகு, "அடுத்த மாதம் நான்தான் சபையில் ஜெபிக்க வேண்டும்," என்று
தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்லிவிட்டு
மழைக்குள் சைக்கிளை மிதித்துப் போனார்.

இப்போது மேசையில் வாய்திறந்து ஜெபிக்கிறோம்.
அழகாக ஒன்றும் இல்லை.
"கர்த்தாவே, இதோ இருக்கிறோம், சூப் சூடாக இருக்கிறது,"
அதோடு எனக்கு நின்றுவிடும்.
சில நாள் அதுவும் வராது,
"இன்று ஒன்றும் இல்லை," என்பேன்.
யாராவது ஒருவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள்.
நேற்று லூன்சே, தன் கணக்குத் தேர்வில்
பக்கத்துப் பெண்ணின் தாளைப் பார்த்ததை
கடவுளிடம் சொல்வதுபோல் எங்களிடம் சொன்னாள்.
"ஆமென்," என்றான் கிரைன், கொஞ்சம் சீக்கிரமாகவே.

வெளியே உறைபனி.
சூப்பின் ஆவியும் எங்கள் மூச்சும் ஏறி
ஜன்னல் முழுக்க வெண்மை படர்ந்திருக்கிறது.
தெருவிலிருந்து பார்த்தால்
நாங்கள் இருப்பது யாருக்கும் தெரியாது.
நான் அதைத் துடைக்கவில்லை.