பன்னிரண்டு வோல்ட் வரி

நான்கு திருகில் ஒன்று எப்போதோ தொலைந்திருந்தது.
மூன்றைக் கழற்றி மாவு டப்பா மூடியில் போட்டேன்.
கதிவாக்கத்தில் இரவு பதினொன்று.
எட்டாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கிய
பழைய கிராஃபிக்ஸ் கார்டு
குமிழித்தாள் சுற்றிக் கட்டில்மேல் கிடந்தது.
காயின் தோண்டாத கார்டு என்று
விற்றவன் அம்மாமேல் சத்தியம் செய்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை மஞ்சள் நீராட்டு வீடியோ தரவேண்டும்.
பதினெட்டு நிமிடப் படத்துக்கு
இயந்திரம் ஆறு மணி நேரம் கேட்கிறது.
ட்ரோன் காட்சி வந்தாலே உறைந்துபோகிறது.
தாய்மாமன் சீர்த்தட்டோடு
ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில்.

பக்கப் பலகையைத் திறந்தால் சாம்பல்.
தூசி இல்லை, சாம்பல்.
அத்திப்பட்டுப் புகைபோக்கி
கொடித்துணிக்கும் மீன் குழம்புக்கும்
பேதமில்லாமல் அனுப்புகிற அதே சாம்பல்.
மின்சாரம் செய்த மிச்சம்
மின்சாரம் வாங்கும் பெட்டியின் விசிறியில்
பூனை மயிராய்ச் சுற்றியிருந்தது.
பழைய டூத் பிரஷால் தேய்த்தேன்.
மஞ்சள் ஸ்டிக்கர் மெல்ல வெளியே வந்தது.
ஐந்நூறு வாட்.
பக்கத்தில் மின்னல் படம் வேறு.

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் கணக்கு போட்டேன்.
கார்டு நூற்றறுபது,
பிராசசர் அறுபத்தைந்து,
வட்டு, விசிறி, சில்லறையெல்லாம் முப்பது.
ஐந்நூறில் பாதிதான்.
தாராளம் என்று எழுதி அடிக்கோடும் இட்டேன்.

நவமணி இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்தாள்.
மணலி யார்டில் டேலி கிளார்க்.
நாள் முழுக்கக் கன்டெய்னர் கதவு படிக்கிறவள்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்தாள்.
"இன்னாது இது, ஐந்நூறு?"
"பவர்."
"மொத்தமா, உள்ள ஏத்துறதா?"

கதவில் மூன்று எண் இருக்குமாம்.
மேலே இருக்கிற பெரிசு, பெட்டியும் சரக்கும் சேர்த்து.
அடுத்தது வெறும் பெட்டி.
மூன்றாவதுதான் சரக்கு.
"மேல இருக்கிறத நம்பி ஏத்துனா
கிரேன்காரன் கெட்ட வார்த்தைல பேசுவான்."

டார்ச்சை அவள்தான் பிடித்தாள்.
மின்னலுக்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு கட்டம்.
மூன்றுக்கு இவ்வளவு, ஐந்துக்கு இவ்வளவு,
பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பதினாறு ஆம்பியர்.
கார்டும் பிராசசரும்
அந்த ஒரு வரியில்தான் உட்கார்ந்து சாப்பிடும்.
பன்னிரண்டு பதினாறு?
"நூத்தித் தொண்ணூத்திரெண்டு" என்றாள்,
விரல் மடக்காமல்.

கார்டுக்கு எட்டு ஊசித் தலை வேண்டும்.
இந்தப் பெட்டியில் அப்படியொரு வாலே இல்லை.
ரெண்டு பழைய பிளக்கை ஒன்றாக்கும் ஒயர் ஒன்றை
இம்தியாஸ் சும்மா கொடுத்திருந்தான்,
"போட்டா ஓடும்ணே."
ஓடும்.
முதல் நாளும் ஓடும், மூன்றாம் நாளும் ஓடலாம்.
மலிவுப் பெட்டி போகும்போது தனியாகப் போகாது.
மதர்போர்டைக் கூப்பிடும்,
ஊரான் வீட்டுப் பெண்ணின் சடங்கு இருக்கிற
வட்டையும் கூப்பிடும்.

மாடி வீட்டில் ஏசி போட்டார்கள்.
கூப்பிடு தூரத்தில் கப்பல் கப்பலாய் நிலக்கரி எரிய,
எங்கள் ட்யூப் லைட் இருமுறை யோசித்து
அரை மனதாய்த் திரும்பி வந்தது.

"நல்ல பொட்டி எவ்ளோ?"
"நாலாயிரத்து இருநூறு."
ஹெல்மெட்டைக் கழற்றினாள்.
நெற்றியில் பட்டை போட்டது போல் அதன் தடம்.
சீட்டு பத்தாம் தேதி என்று அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

கார்டைத் தாளில் சுற்றி பீரோமேல் வைத்தேன்.
திருகு மாட்டப் போனால் இரண்டுதான் இருந்தன.
பழைய பெட்டி பழைய முனகலோடு எழுந்தது.
ஒரு சதவீதம்.
இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு
திரையையே பார்த்தாள் நவமணி.
மாமன் இன்னும் காலைத் தூக்கியபடி.
"தட்ட எறக்கிருவாரா?"
"விடியறதுக்குள்ள."