சிறுவாடு

சோப்பு டப்பா அளவு ஒரு பெட்டி.
ஆவணித் தூறலில் நனைந்துகொண்டே
வெங்கடமுனி அதைத் தள்ளுவண்டியில் திருகிவிட்டுப் போனான்.
“இனிமே சில்லறைத் தொல்லையே இல்லக்கா.”
பொய் சொல்லவில்லை அவன்.
சத்தியவேடு பஸ்ஸில் வந்திறங்குகிறவர்கள்
கை கழுவும் முன்னே பணம் வந்து விழுந்தது.
முப்பை ரூபாயலு, என்றது பெட்டி.
நலபை ரூபாயலு.
ஊத்துக்கோட்டையில் தெலுங்கு யாருக்குத் தெரியாது?
என் தோசைக்கல்லுக்கே தெரியும்.

எதிரே மெக்கானிக் கடை பெஞ்சில்
என் வீட்டுக்காரர் தேசப்பன்.
கெட்டவர் இல்லை.
கணக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.
முதல் நாள் சாயங்காலம்
நான் வண்டியைத் துடைக்கும் முன்பே சொன்னார்:
“ஆயிரத்து நானூத்திப் பத்து.”
ஒரு ரூபாய் பிசகவில்லை.

அதற்கு முன்னால் நூற்றுக்குப் பத்து
ரவை டப்பாவுக்குள் போகும்,
ரவை மேலே, நோட்டு கீழே.
ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது அந்தப் பணம்.
மகளுக்குப் பரீட்சைக் கட்டணம் இரண்டு தடவை.
ஒரு செவ்வாய்க்கிழமை, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு
புத்தூர் போய்த் தனியாக ஒரு சினிமா.
படம் மோசம். ஆனாலும்.

பெட்டியின் வாயில் துணி சுற்றிப் பார்த்தேன்.
மறுநாளே ஒரு கல்லூரிப் பையன்
போன வாரத்து ரசீதைத் திரையில் காட்டிவிட்டு
நாலு முட்டை தோசை தின்றுவிட்டுப் போனான்.
துணியை அவிழ்த்தேன்.
பெட்டி கத்தினால் அவருக்குத் தெரியும்,
கத்தாவிட்டால் எனக்குத் தெரியாது.

தை பிறந்ததும் செங்கல் சூளைக்கு ஆட்கள் வந்தார்கள்.
அதில் சைரேந்திரி, ஒரிசாக்காரி,
போண்டாவைப் பிட்டு முதலில் முகர்ந்து பார்ப்பவள்.
கல் அடுக்குவது போல விரல் அடுக்கி
எனக்கு எண் சொல்லிக்கொடுத்தாள்:
பத்துக்கு தசொ, முப்பதுக்குத் திரிசி.
இருபதுக்குக் கொடியே.
கோடி என்று காதில் விழுந்து
கரண்டியோடு நின்று சிரித்தேன்.
ரூபாய்க்கு டங்கா.

“ஒரியாவா? எதுக்குக்கா?” என்றான் வெங்கடமுனி.
“சூளை ஆளுங்க நெறைய வராங்கப்பா.”
நானும் பொய் சொல்லவில்லை.

அன்றிலிருந்து பெட்டி டங்கா டங்கா என்றது.
நிலையம் பிடிக்காத ரேடியோவைக் கேட்பவர் போல
தேசப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.
நாலாம் நாள் விட்டுவிட்டார்.
“எவ்வளவு?” என்று என்னைத்தான் கேட்கவேண்டியிருந்தது.
நான் சொன்னேன், சொல்ல வேண்டிய அளவு.
மிச்சத்தை ஜெராக்ஸ் கடையில் நோட்டாக்கி
ரவைக்கு அடியில் வைத்தேன்.

சித்திரை வெயிலில் போனில் ஒரு செய்தி.
மரியாதையான தமிழ்.
அன்புள்ள வாடிக்கையாளரே,
உங்கள் தினசரிச் சராசரி வரவு ஆயிரத்து அறுநூற்று முப்பது.
உங்களுக்காக நாற்பதாயிரம் கடன் தயாராக உள்ளது.
ஆயிரத்து அறுநூற்று முப்பது.
சைரேந்திரிக்குக்கூட நான் சொல்லாத எண்.
யாரோ வீட்டுக்குள் வந்து
ரவை டப்பாவைத் திறந்து
திரும்பச் சரியாக மூடிவிட்டுப் போனது போல இருந்தது.
போனைச் சட்னிச் சட்டி மூடிமேல்
குப்புறக் கவிழ்த்தேன்.
கல் காய்ந்துபோய்ப் புகைந்தது.

ஆனியில் சூளை அணைந்தது.
சைரேந்திரி ரயிலேறிப் போனாள்,
இனி தைக்குத்தான்.
நேற்று ராத்திரி ஆரணியாற்றுப் பாலத்தில்
நான் வண்டியைத் தள்ள, அவர் பின்னால் டார்ச் பிடிக்க,
தெருவில் ஒரு ஆள் இல்லை.
பெட்டி தானாக வாய் திறந்தது.
நீளமாக ஏதோ சொன்னது.
அதில் டங்கா இல்லை,
எனக்குத் தெரிந்த ஒரு எண்ணும் இல்லை.
சார்ஜ் தீர்ந்ததோ, வேறென்ன கேட்கிறதோ.
மறுபடியும் அதையே சொன்னது.

டார்ச் வெளிச்சம் என் கைமேல் வந்து நின்றது.
“எவ்வளவாம்?” என்றார்.

“இருபது” என்றேன்.