குடும்பச் சீட்டு

குடும்பச் சீட்டு என்றால்
இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்றாள்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்.
நான் ஒருத்தி. பிள்ளைகள் மூன்று.
"மூத்தவளைப் பெரியவளாகப் போட்டுவிட்டால்
கணக்குச் சரியாகிவிடும்."
பதின்மூன்று வயது கயெத்தானா
உடனே முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.
வாரத்தில் ஆறு நாள் கல்லாவில் உட்கார்ந்து
ஊரார் வாங்கும் முட்டையை எண்ணுகிறவள் நான்,
எனக்கல்லவா இது தோன்றியிருக்க வேண்டும்!
அன்செல்மோவின் இடத்தில்,
சீட்டுக்காக மட்டும்,
அவள் நின்றாள்.

எவோராவில் ஜூலை மாதம்.
வாடகைக் காரின் இருக்கை தொடையில் ஒட்டி உரிந்தது.

இடுகாட்டில் இடம் போதாமல்
துறவிகள் தோண்டியெடுத்து
எலும்பாலேயே சுவர் பூசிய சிற்றாலயம்.
ஐயாயிரம் பேர் என்கிறது துண்டுத்தாள்.
உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று
வாசலில் எலும்புகள் சொல்வதாக ஒரு வரி.
காஸ்பர் அதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினான்.
"காத்திருக்கட்டும்" என்றாள் நான்கு வயது ஈரியா,
"எனக்கு ஒன்றுக்கு வருது."

எதிர்த்த கடையில் கழிப்பறைக்காக ஒரு காப்பி.
அதே சீட்டோடு திரும்பினோம். அந்தப் பெண்
பார்த்தும் பார்க்காததுபோல் விட்டாள்.

உள்ளே விறகு அடுக்கியது மாதிரி தொடையெலும்புகள்,
நடுநடுவே மண்டையோடு.
யார் அண்ணன், யார் கொழுந்தி,
யார் யாரோடு பேச்சை முறித்துக்கொண்டவர்,
ஒன்றும் கேட்காமல் சாந்தில் பதித்திருந்தார்கள்.
"இதில் இடது கால் எது?" என்று காஸ்பர் கேட்டான்.
நான் சட்டென்று என் காலைப் பார்த்துக்கொண்டேன்.

ரோமானியக் கோயிலில் பதினான்கு தூண்கள்.
யாரும் அசையவில்லை.
இது கொஞ்ச காலம் இறைச்சிக் கடையாக இருந்தது என்றதும்
காஸ்பர் ஐஸ்கிரீமிலிருந்து தலையெடுத்தான்.
"எந்தத் தூணில் மாட்டினாங்க?"
துண்டுத்தாளில் அது இல்லை.

நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த நெடும்பாலத்தின்
வளைவுகளுக்குள் வீடுகள்.
கதவெண், செருப்பு, சட்டித் தொலைக்காட்சி வாங்கி.
ஒரு பெண் சன்னலில் மேசைவிரிப்பை உதறினாள்.
பதினாறாம் நூற்றாண்டிலிருந்து
எங்கள் தலையில் ரொட்டித் துகள் விழுந்தது.
படம் எடுக்கக் கையைத் தூக்கினேன்,
அவள் முகத்தைப் பார்த்ததும் இறக்கிவிட்டேன்.

பிறகு மண்சாலை. இருபுறமும் தக்கை மரங்கள்,
இடுப்புவரை பட்டை உரிக்கப்பட்டு,
ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் ஓர் இலக்கம்.
உரித்த ஆண்டின் கடைசி எண் அது.
மறுபடி உரிக்க ஒன்பது வருடம் ஆகும்.
"நிறுத்தும்மா" என்றாள் கயெத்தானா.
"அப்பா லக்ஸம்பர்க் போன வருஷத்து மரம் வேணும்."

இரண்டு வருடம் என்று சாரம் கட்டப் போனவர்.
இது நாலாவது கோடை.

மூன்று, ஏழு, ஏழு, எட்டு என்று
முள்ளில் கால் கீறத் தேடினோம்.
ஈரியாவுக்கு இலக்கம் தெரியாது,
எல்லாவற்றையும் கண்டுபிடித்தாள்.
வேலியோரம், கொஞ்சம் கோணலாய், ஒரு 1.
புதுப்பட்டையின் வெடிப்பில் கயெத்தானா கட்டைவிரலை விட்டாள்.
நகம் வரைக்கும் போனது.
"இவ்வளவுதான்" என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை.
அந்த விரலைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினாள்,
ஒரு வார்த்தையும் சேர்க்காமல்.

கற்கள் இருக்கும் சரிவில்
சீட்டு இல்லை, கண்ணாடி இல்லை, ஆளே இல்லை.
ஏழாயிரம் வருடமாக நிற்கும்
முட்டை முட்டையான கற்கள், தொண்ணூற்றுச் சொச்சம்.
காலையிலிருந்து பெரியவளாக இருந்தவள்தான்
முதலில் ஓடி ஒளிந்தாள்.
நூறு வரை எண்ணச் சொல்லி என்னை நிறுத்தினார்கள்.

கல்லில் நெற்றியை வைத்தேன்.
வெயிலை விடாமல் வைத்திருந்தது,
காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகு மாதிரி.
பையில் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது.
நாற்பதோ ஐம்பதோ, எங்கோ விட்டுவிட்டேன்,
கல்லாவில் ஒருநாளும் இப்படி விட்டதில்லை.
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

"அம்மா!"
எந்தக் கல் என்று தெரியவில்லை,
"கேக்கல, சத்தமா எண்ணு!"