மூன்றாவது ஓனர்

இரண்டாயிரத்து மூன்று மாடல் குவாலிஸ்.
கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டி போகும்வரை
எஞ்சினை அணைக்கப் பயம்.
அணைத்தால் திரும்ப உயிர் வருமா
என்பதே நான் கேட்ட முதல் கேள்வி.

"காலைல வெள்ளப் புகை வந்தா பயப்படாத.
சூடானப்புறமும் வந்தா போன் பண்ணு.
கறுப்புன்னா பில்டரைப் பாரு.
நீலமா வந்துச்சுன்னா
துட்டு எடுத்து வை."
ஜபருல்லா பானெட்டுக்குள்ளிருந்தே பேசுவார்.
நான் முகம் பார்த்தது குறைவு.

மீட்டரில் எண்பத்தெட்டாயிரம்தானே என்றேன்.
"ரேஷன் கார்டுல என் வயசு கூடத்தான் கம்மி."

எண்ணூர்ச் சாம்பல், காசிமேட்டு உப்பு,
கதவுக்கு அடியில் விரல் நுழையும் துரு.
அதன்மேல் பட்டி பார்த்து
பெயிண்ட் அடித்து விற்ற ஆள்
பிள்ளைமேல் சத்தியம் வேறு செய்தான்.

நேற்று பின்சீட்டைக் கழற்றினோம்.
மேட்டுக்குக் கீழே
பாளம் பாளமாய்க் காய்ந்த சேறு.
"தண்ணில நின்ன வண்டிப்பா இது."

விற்றவனைத் திட்ட வாயெடுத்தேன்.

என் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில்
இடுப்பளவில் ஒரு கோடு இருந்தது.
இரண்டு கோட்டு டிஸ்டெம்பரில் மறைந்தது.
குடிவர வந்த தையல்காரப் பெண்
"தண்ணி வருமாண்ணா?" என்றாள்.
குழாயைக் கேட்கிறாள் என்று வைத்துக்கொண்டு
தினமும் வரும் என்றேன்.

ஜபருல்லா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.
"விக்கிறியா, வெச்சுக்கிறியா?"

கேட் விழுந்திருக்கிறது.
ஐப்பசி வானம் மணலிப் பக்கம் கறுக்கிறது.
எஞ்சினை அணைக்காமல்
நிற்கிறேன்.