கேட்பவர்களுக்குப் பதில்

எந்த மாதம் வரலாம் என்று கேட்கிறார்கள்.
ஏப்ரலில் வாருங்கள் என்று எழுதுகிறேன்.
ஜனவரியில் மேல்காற்று.
கலபாஹியிலிருந்து படகு இரண்டு நாள் வராது,
வந்தாலும் முட்டை உடைந்துதான் வரும்.
முட்டையைப் பற்றி எழுதுவதில்லை.

தண்ணீர் குளிருமா?
ஆகஸ்டில் சில நாள் ஆழத்திலிருந்து ஐஸ் ஏறிவரும்,
தடித்த உடை கொண்டுவாருங்கள்.
பௌர்ணமியும் அமாவாசையும் நீரோட்டத்துக்கு வெறி பிடிக்கிற நாள்கள்.
முதல்முறை முங்குகிறவர்கள்
பாதி நிலவுக்குத் திட்டம் போடுங்கள்.
கீழே எவ்வளவு தூரம் தெரியும்?
முப்பது மீட்டர்.

முப்பது மீட்டர் என்பது யெரெமியாஸ் சொன்னது.
என் கணவர். படகு அவருடையது,
சிலிண்டரில் காற்றடைக்கும் இயந்திரம்
பாதி வங்கியுடையது.
என்னுடையவை அடுப்பு, கணக்கு, கைபேசி.
பதினோரு வருஷமாகக்
கடலுக்கடியில் என்ன இருக்கிறது என்று
உலகத்துக்கே பதில் எழுதுகிறேன்,
கழுத்துக்கு மேல் நனையாமல்.

யாரும் தடுக்கவில்லை.
அவர்கள் முங்கும் நேரம்தான்
சோறு வேகும் நேரம்.

போன வருஷம் சுரபாயாவிலிருந்து ஒரு பல் மருத்துவர்,
விர்யவான் என்று பெயர்,
எட்டு மாதம் திட்டமிட்டார்.
சுறா கடிக்குமா, படகில் கழிப்பறை உண்டா,
மனைவிக்கு இறால் ஆகாது,
மூச்சுக்குழலை எத்தனை பேர் கடித்திருப்பார்கள்?
நாற்பத்து மூன்று கேள்வி. எண்ணினேன்.
கிட்டப்பார்வைக்குப் பவர் போட்ட முகமூடி ஒன்றைக்
கூரியரில் முன்னதாகவே அனுப்பிவைத்தார்.
முகமூடி வந்தது.
அடுத்த தீவின் மலை சாம்பல் கக்கியதில்
விமானம் வரவில்லை.
வைத்திருங்கள், பார்க்கலாம், என்று எழுதினார்.

பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் மாட்டினேன்.
அடுக்களை ஜன்னலில்
ஜலசந்திக்கு அந்தப்புறம் இத்தனை நாள்
பச்சைக் கறையாக இருந்த தீவு
தென்னை தென்னையாகப் பிரிந்தது.
ஒரு வீடு. வீட்டில் கொடி.
கொடியில் சிவப்பாய் ஏதோ துணி.
என் மகள் சிரித்தாள்: அம்மா, நீ தவளை.

கழற்றாமலே துறைமேடைக்கு நடந்தேன்.
ஏணியில் ஏழு படி.
முகத்தைத் தண்ணீரில் வைத்தபோது
முதலில் வந்தது சத்தம்:
சட்டியில் சோளம் பொரிகிற சத்தம்,
நான்தான் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேனோ என்று
தலையைத் தூக்கிவிட்டேன்.
மறுபடி வைத்தேன்.

ஆமை இல்லை. சுறா இல்லை.
எங்கள் விளம்பரப் படத்தில் இருக்கிற ஒன்றும் இல்லை.
நூடுல்ஸ் உறை ஒன்று, கயிறு,
ஊசி ஊசியாய் நடுங்கும் குட்டி மீன்கள்,
அப்புறம் என் தட்டு.
நீல விளிம்பு போட்ட தட்டு,
ஒக்டோஃபியானுஸ் கழுவும்போது தவறவிட்டு
நான் சம்பளத்தில் இருபதாயிரம் ரூபாய் பிடித்தேனே, அது.
அதைக் கூரையாகப் போட்டுக்கொண்டு
கையகல ஆக்டோபஸ் ஒன்று உட்கார்ந்திருந்தது.
என்னைப் பார்த்ததும்
விளிம்பைப் பிடித்து இழுத்துக்
கதவைச் சாத்திக்கொண்டது.

அன்று சோறு குழைந்தது.
விருந்தாளிகள் மன்டாவைப் பார்த்த கதையில் இருந்தார்கள்,
கவனிக்கவில்லை.
ஒக்டோவிடம் இருபதாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
எதற்கு என்றான்.
வாங்கிக்கொள் என்றேன்.

இரவு ஒரு புதுக் கேள்வி வந்தது, எங்கோ குளிர் நாட்டிலிருந்து:
அங்கே கீழே என்ன விசேஷம்?
சோளம் பொரிகிறது என்று எழுதிவிட்டேன்.
இதைப் படித்து யார் பணம் கட்டுவார்கள்,
அழி என்கிறார் யெரெமியாஸ்.
நாளைக்கு அழிக்கிறேன்.

மருத்துவரும் எழுதியிருக்கிறார்.
ஏப்ரல், பாதி நிலவு, இரண்டு பேர், இறால் வேண்டாம்.
முகமூடி பத்திரம்தானே?

பத்திரம், ஐயா.
கொஞ்சம் உப்புப் படிந்திருக்கிறது.